நடுக்குவாதத்துக்கு மூளையில் மின்முனை: கடைசி வரைக்கும் காத்திருக்காதீர்கள்

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். என்னிடம் வந்தபோது அவருக்கு 58 வயது, பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் தொடங்கி ஒன்பது வருடம். முதல் மாத்திரை வேலை செய்கிற வரைக்கும் கட்டிலில் புரண்டு படுக்கக்கூட முடியாது. மாத்திரை ஏறினால் ஒரு மணி நேரம் நன்றாக நடப்பார், அப்புறம் உடம்பு தானாக நெளிந்து ஆட ஆரம்பிக்கும், அது அடங்கினால் மறுபடியும் மரம் மாதிரி ஆகிவிடுவார். சம்பா நாற்று நட்ட சமயம் வயலைப் பார்க்கப் போனவர், வரப்பு நடுவில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கூப்பிடவும் குரல் எழவில்லை. மகன் தேடிப் போய்த்தான் அழைத்து வந்திருக்கிறான்.

அவர் மனைவி பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து நீட்டினார். எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது நடந்தார், எப்போது உறைந்தார், எப்போது ஆட்டம் வந்தது என்று இரண்டு வாரக் கணக்கு. எந்த ஸ்கேனும் எனக்கு அவ்வளவு சொல்லியிருக்காது.

“மண்டையில ஓட்டை போடுறதெல்லாம் வேற வழியே இல்லன்னா பாத்துக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். தள்ளிப் போடக் கூடாது, அம்மா.

காரணம் இதுதான். நடுக்குவாதத்தில், உடம்பின் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் மூளை செல்கள் அழிகின்றன. லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. வருடங்கள் போகப் போக ஒரு மாத்திரை தாங்கும் நேரம் குறையும், அளவைக் கூட்டினால் ஆட்டம் வரும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யத்தான் ஆழ்மூளைத் தூண்டல், அதாவது டி.பி.எஸ். ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனுள்ள மின்முனையை, மொச்சைக்கொட்டையைவிடச் சிறிய ஒரு மூளைப் பகுதிக்குள் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று வைத்து, தோலுக்கடியில் ஒயர் கொண்டுவந்து, காறை எலும்புக்குக் கீழே பதித்த பேட்டரியோடு இணைப்பார்கள். பெரும்பாலும் ஒரு விநாடிக்கு 130 துடிப்பு என்ற அளவில் மின்சாரம் போகும். 1987-ல் பிரான்சின் கிரனோபில் நகரில் பெனபிட் என்ற அறுவை மருத்துவர் தொடங்கி வைத்த முறை இது, ஒன்றும் சோதனைக் கட்டத்தில் இல்லை.

ஆனால் மாத்திரைக்கு எந்தத் தொந்தரவு குறைகிறதோ அதுதான் பெரும்பாலும் மின்சாரத்துக்கும் குறையும். நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு, மாத்திரைக்கு அடங்காத நடுக்கம்கூட மின்சாரத்துக்கு அடங்கும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் தள்ளாடி விழுகிறவர், ஞாபகம் தவறிப்போனவர், பேச்சு குழறிப்போனவர் ஆகியோருக்கு இதனால் பெரிய பலன் கிடைக்காது, பேச்சு இன்னும் மோசமாகவும் ஆகலாம். பத்துப் பதினைந்து வருடம் காத்திருந்து, எல்லாம் முற்றிய பிறகு சக்கர நாற்காலியில் அழைத்து வந்து “இப்ப பண்ணிடலாம் டாக்டர்” என்று சொல்லும் குடும்பத்திடம் முடியாது என்று சொல்வதுதான் என் வேலையிலேயே எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். ஜெர்மனியிலும் பிரான்சிலும் 251 பேரை இரண்டு வருடம் கவனித்து 2013-ல் வெளியான ஆய்வில், நோய் வந்து சராசரியாக ஏழரை வருடம் ஆனவர்களுக்கே, மாத்திரையை மட்டும் தொடர்ந்தவர்களைவிட டி.பி.எஸ்ஸும் சேர்த்துக்கொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் நன்றாக இருந்தது.

அந்த விவசாயிக்கு மாத்திரைச் சோதனை செய்தோம். முந்தின இரவோடு மருந்தை நிறுத்திவிட்டு காலையில் வந்தார். சட்டைப் பித்தானைப் போடச் சொன்னேன், முதல் பித்தானிலேயே விரல் நின்றுவிட்டது. மாத்திரை கொடுத்து முக்கால் மணி நேரம் உட்கார வைத்தோம். அப்புறம் யாரும் சொல்லாமலே ஐந்து பித்தானையும் போட்டுக்கொண்டு எழுந்து, கதவு வரை நடந்து திரும்பினார். இவருக்குப் பலன் கிடைக்கும் என்று தைரியமாகச் சென்னைக்கு அனுப்பினேன்.

எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தலைசுற்றலுக்கு சின்னாரிசின், வாயுத் தொல்லைக்கு லெவோசல்பிரைடு என்று மாதக்கணக்கில் கடையிலேயே வாங்கிச் சாப்பிட்டு, அதனால் கை நடுங்கி, நடை சுருங்கி வருகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அந்த மாத்திரைகளை நிறுத்தினால் சில மாதங்களில் பலருக்கும் சரியாகிவிடும். “நரம்புத் தளர்ச்சி” என்று சத்து ஊசி போட்டுக்கொண்டே வருடங்களைக் கழிப்பவர்களும் உண்டு. அதனால் முதலில் நரம்பியல் மருத்துவரிடம் நோய் என்ன என்று உறுதி செய்துகொள்ளுங்கள், சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டு வாருங்கள்.

செலவு பல லட்சம், அதை மறைக்க முடியாது. சாதாரண பேட்டரியை மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும், அதற்கும் தனிச் செலவு. சார்ஜ் செய்கிற வகை முதலில் விலை கூடுதல், ஆனால் பல வருடம் வரும். எது வைக்கப்போகிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். நூற்றில் ஓரிருவருக்கு மூளையில் இரத்தக்கசிவு வரலாம், சிலருக்குக் கிருமித் தொற்று வரலாம். நோய் குணமாகாது, மாத்திரையும் முழுதாக நிற்காது, அளவு குறையும்.

அறுவை முடிந்து மின்சாரம் கொடுக்கும் முன்பே சில நாள் நடுக்கம் குறைந்திருக்கும், பிறகு திரும்பி வரும். “காசெல்லாம் போச்சு” என்று அந்த அம்மா அழுதுகொண்டே போன் செய்தார். மின்முனை போன இடத்தில் ஏற்பட்ட வீக்கத்தின் விளைவு அது, வீக்கம் வடிந்ததும் பழைய நிலை தெரியும். சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்கி, மாதக்கணக்கில் வரவழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அளவைச் சரிசெய்வார்கள்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. வரப்பில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடக்கிறார். குரல் மட்டும் இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. போன மாதம் மூட்டு வலிக்கு ஒரு பிசியோதெரபி மையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே டயதர்மி, அதாவது மின் அலைகளால் உடம்புக்குள் சூடு ஏற்றும் இயந்திரம், வைக்கத் தயாரானார்கள். டி.பி.எஸ். வைத்தவர்களுக்கு அந்தச் சூட்டை உடம்பில் எங்கேயும் வைக்கக் கூடாது, மின்முனை சூடாகி மூளையே கருகிவிடலாம். அந்த அம்மா உடனே கருவி அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். அவர்கள் இயந்திரத்தை அணைத்துவிட்டு, பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.