செப்டெம்பர் மை நவம்பரிலும் ஏன் போகவில்லை?

பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "2024 செப்டெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தலுக்குச் சுண்டுவிரலில் பூசிய மை, நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் அன்றும் நகத்தில் இருந்தது. சட்டி தேய்த்தும் போகவில்லை, கொழுந்து பறித்தும் போகவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?"

தேர்தல் ஆணைக்குழுவுக்கும் இது தெரிந்த விஷயம்தான். வழக்கமாக இடது கைச் சுண்டுவிரலில் பூசுகிறவர்கள் அந்த நவம்பரில் சுட்டுவிரலுக்கு மாறினார்கள். 54 நாட்கள் பழைய மை போகப் போதாது.

மையில் இருப்பது வெள்ளி. கொலுசு செய்கிற அதே வெள்ளி, வெள்ளி நைத்திரேற்று என்ற உப்பாக. ஓ/எல் ஆய்வுகூடத்தில் குளோரைட்டைக் கண்டறியச் சொட்டுவிடுவோமே, அந்தக் கரைசல்தான். உடனே கண்ணுக்குத் தெரிய ஓர் ஊதாச் சாயம், சீக்கிரம் காயக் கொஞ்சம் அற்ககோல். சாயம் கழுவக் கழுவ மங்கிவிடும். வெள்ளியின் வேலை அதற்கு அடியில் மெதுவாக நடக்கிறது.

விரலில் வியர்வை உப்பு எப்போதும் உண்டு. வெள்ளி அயன் அதிலுள்ள குளோரைட்டைப் பிடித்து, தண்ணீரில் கரையாத வெள்ளி குளோரைட்டு ஆகிறது. இது வெள்ளை. இதன்மேல் வெளிச்சம் விழும்போது நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒளி, குளோரைட்டிலிருந்து ஓர் இலத்திரனைத் தட்டிவிடுகிறது. பக்கத்திலுள்ள வெள்ளி அயன் அதை வாங்கி வெள்ளி அணுவாகிறது. ஓர் அணு தனியே நெடுநேரம் நிலைக்காது, வாங்கிய இலத்திரனைத் திரும்பவும் விட்டுவிடும். ஆனால் சில அணுக்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அந்தக் கூட்டம் நிலைத்துவிடும். அதோடு, அடுத்து வரும் இலத்திரன்களையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் வெள்ளிக் கூட்டத்தின் கறுப்பு எங்கே தொடங்கியதோ அங்கேயே தடிக்கிறது. பழைய பிலிம் கமராக்கள் படம் பிடித்ததும் இப்படி ஒரு வேலையால்தான்.

வெயிலில் கறுத்து, வீட்டுக்குள் வந்ததும் தெளிந்துவிடும் மூக்குக்கண்ணாடி தெரியுமல்லவா? அதிலும் இதே வெள்ளி குளோரைட்டைப் பயன்படுத்துவதுண்டு. அது தெளிகிறது, விரல் ஏன் தெளியவில்லை? கண்ணாடிக்குள் பிரிந்த குளோரினுக்கு வெளியேற வழியில்லை, வெயில் போனதும் வெள்ளியோடு திரும்பச் சேர்ந்துவிடுகிறது. விரலில் அது தோலோடும் வியர்வையோடும் வினைபுரிந்து எங்கேயோ போய்விடும். பிறகு வெள்ளி யாரோடு சேர?

சரி, நம் ஊர் மூடுபனியில் இது நடக்குமா? நன்றாகவே நடக்கும். உயரம் ஏற ஏற, இலத்திரனைத் தட்டிவிடும் கழியூதாக் கதிர் கூடுகிறது, 1000 மீற்றருக்குச் சுமார் பத்து வீதம். நுவரெலியா நகரமோ 1868 மீற்றர். முகிலும் கதிரை முழுதாக மறிப்பதில்லை.

கொழுந்து பறிக்கும் விரலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பச்சைக் கொழுந்தின் சாறு காற்றுப் பட்டுக் கறுத்து, நுனிவிரல் வெடிப்புகளில் இறங்கிக் கிடக்குமே, அந்தக் கறையில் பொலிபீனோல்கள் இருக்கின்றன. இவை வெள்ளி அயனுக்கு இலத்திரனைத் தாமாகவே கொடுக்கக்கூடியவை. ஆய்வுகூடங்களில் நுண்ணிய வெள்ளித் துகள் செய்யத் தேயிலைச் சாற்றையே ஊற்றுகிறார்கள். கறையுள்ள விரலில் மை எவ்வளவு வேகமாகக் கறுக்கிறது என்று தோட்டப் பாடசாலை ஏ/எல் மாணவி ஒருத்தி அளந்து பார்க்கலாம். பெரிய செலவில்லை. ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதமளவே ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாட்டில் அதற்கும் காசு கேட்டு அலைய வேண்டும். சோதிடரைக் கேட்டு 2015 ஜனவரி 8இல் தேர்தல் வைத்துத் தோற்ற ஜனாதிபதியைப் பார்த்த பிறகும் நமக்கு நல்ல நேரத்தில் இருக்கும் நம்பிக்கை ஆய்வுகூடத்தில் இல்லை.

இனி நகம். நகமும் மேல்தோலும் கெரட்டின் என்ற புரதம், அதில் கந்தகம் நிறைய. வெள்ளிக்குக் கந்தகத்தைக் கண்டால் விடாது, கொலுசு கறுப்பதும் அதனால்தான். ஆகவே வெள்ளி அங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. எலுமிச்சம்பழம், பற்பசை, பப்பாசிப் பால் என்று தேய்ப்பதால் விரல்தான் எரியும். மேல்தோல் சில வாரங்களில் தானாக உதிர்ந்துவிடும். நகம் உதிராது, மாதம் மூன்று மில்லிமீற்றர் அளவில் வளரும். அடியில் பூசிய கோடு 54 நாளில் ஐந்தாறு மில்லிமீற்றர் நகர்ந்து நகத்தின் நடுவுக்கு வந்திருக்கும். வாசகி கண்டது அதைத்தான். நுனிக்கு வந்த பிறகு வெட்டி எறியலாம்.

இந்தச் செய்முறை புதுடில்லியின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் உருவானது. 1962 இந்தியப் பொதுத்தேர்தலில் முதலில் பயன்பட்டது. இன்றும் மைசூரிலுள்ள கர்நாடக அரசுத் தொழிற்சாலை ஒன்று பல நாடுகளுக்கு அனுப்புகிறது. கள்ள வாக்கைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை, ஆனால் பிழைத்தால் சந்தி சிரித்துவிடும். 2004இல் ஆப்கானிஸ்தானில் சில நிலையங்களில் சரியான மைக்குப் பதில் சாதாரணப் பேனாவைப் பயன்படுத்தியதால், வேட்பாளர்கள் பலர் தேர்தலையே புறக்கணிக்கும் நிலை வந்தது. 2013இல் மலேசியாவில் கழுவினால் போகிறது என்று ஒரே கூச்சல்.

மை போகாததே ஆபத்தாவதும் உண்டு. 2014 ஜூனில் ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில், வாக்களித்துவிட்டு வந்த 11 முதியவர்களின் மை பூசிய விரல்களைத் தலிபான்கள் வெட்டினார்கள். 1949இல் வாக்குரிமையை இழந்து, பல பத்தாண்டுகள் போராடித் திரும்பப் பெற்ற மலையகத்தில் இந்தச் செய்தியைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது. அப்புறம் 2019 ஆப்கானிஸ்தான் ஜனாதிபதித் தேர்தலில் கைரேகை இயந்திரங்களைப் பயன்படுத்தினார்கள். எந்த வாக்கை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற இழுபறியில் முடிவு வர ஐந்து மாதமளவு ஆயிற்று.

நமக்கும் இயந்திரம் வேண்டும் என்பவர்கள், அடைமழையில் மின்சாரம் போன தோட்டப் பாடசாலையில் வாக்கெடுப்பு நடத்திய ஓர் அதிகாரியிடம் முதலில் கேட்டுப் பார்க்கட்டும்.