காவுதடியும் டிப் லொக்கும்

மாசி பெர்குசன் 240 உழவு இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்து வலது காலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தால், குதிக்கால் எட்டும் இடத்தில் ஒரு சிறிய மிதி இருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் உழவு பழகும் பையன்களிடம் முதலில் அதைத் தொடாதே என்றுதான் சொல்வார்கள். ஒரு தடவை சேற்றில் புதைந்த பிறகுதான் அது எதற்கென்று விளக்குவார்கள். ஓர் அச்சின் இரண்டு சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டும் டிப் லொக், அதாவது டிபரன்ஷியல் லொக், அதுதான். அதே மிதி இன்று டபிள் கெப் வாகனங்களின் டாஷ்போட்டில் ஒரு சுவிச்சாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. மிதியாக இருந்தவரை உள்ளே நடப்பது காலுக்குத் தெரிந்தது. சுவிச்சான பிறகு ஒரு விளக்கு மட்டும்தான் தெரிகிறது.

கடந்த மார்கழி மழையில் கரடியனாற்றுக்கு உள்ளே, ஒரு வயல் வீதியில், அப்படியொரு கெப்பில் நானும் மாட்டிக்கொண்டேன். இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் வாய்க்கால் ஓரக் களியில் இறங்கிச் சுழன்றன. வலப்பக்கச் சில்லுகள் கெட்டித் தரையில் அசையாமல் நின்றன. நான்கு சில்லுக்கும் விசை கொடுக்கும் போர் வீல் போட்டாயிற்று, லோ கியரும் போட்டாயிற்று. நண்பர் டிப் லொக் சுவிச்சை அழுத்தினார். விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது. அக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினார். அப்போதும் மினுங்கியது. "லொக் பழுதாகிவிட்டது" என்று கையை விரித்தார். உண்மையில் ஒன்றும் பழுதாகவில்லை.

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அச்சு அசையாமல் நிற்க, இரண்டு சில்லுகளும் தன் தன் பாட்டில் சுழலும். வளைவில் வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓடினாலும் உட்பக்கச் சில்லு அதைப் பற்றிக் கவலைப்படாது. சில்லுகளுக்கு இடையே ஒன்றரை மீட்டர் இருக்கும் ஒரு வாகனம் முழு வட்டம் அடித்தால், வெளிச்சில்லு ஏறக்குறைய 9.4 மீட்டர் அதிகம் ஓடும். வட்டம் சிறியதா பெரியதா என்பது பொருட்டே இல்லை, வித்தியாசம் அதேதான். கெப் ஒன்றின் டயருக்கு அது சுமார் நான்கு சுற்று. சில்லை எஞ்சினே சுற்றவேண்டும் என்று வந்ததும்தான் சிக்கல் தொடங்கியது. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் வளைவில் ஒன்று தரையில் உராய்ந்து இழுபடும். அதற்கு விடையாக 1820களின் பிற்பகுதியில் பிரான்சின் ஒனெசிபோர் பெக்கர் நீராவி வண்டிக்கென்று உருவாக்கிய கியர்த் தொகுதியின் வழித்தோன்றல்தான் நம் வாகனங்களின் பின்னச்சு நடுவே குடம்போல் தொங்கும் டிபரன்ஷியல்.

அதைத் திறந்து பார்த்துப் பற்களை எண்ணுவதைவிட, காவுதடியை நினைத்துக்கொள்வது எளிது. தோளில் ஒரு தடி, இரண்டு நுனியிலும் இரண்டு கடகங்கள். தோள்தான் எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி. கடகங்கள் இரண்டு சில்லுகள். இரு பக்கமும் சமமாக நெல் இருந்தால் தோளை உயர்த்த இரண்டும் சமமாக எழும். ஒரு கடகம் வெறுமையாக இருந்தால்? தோளை உயர்த்தும்போது வெறும் கடகம் இரட்டிப்பு உயரத்துக்குப் போகும், நெல் உள்ள கடகம் தரையை விட்டு அசையாது. களியில் சுழலும் சில்லு அந்த வெறும் கடகம். டிபரன்ஷியல் எப்போதும் இரண்டு சில்லுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு முறுக்கத்தையே, அதாவது சுழற்றும் விசையையே, கொடுக்கும். களி தாங்கக்கூடிய முறுக்கம் சொற்பம் என்றால் கெட்டித் தரையில் நிற்கும் சில்லுக்கும் அதே சொற்பம்தான் கிடைக்கும். பலரும் நினைப்பதுபோல எல்லா விசையும் சுழலும் சில்லுக்குப் போய்விடுவதில்லை. இரண்டுக்கும் சமமாகத்தான் போகிறது. அந்தச் சமம்தான் வினை. கியர்பெட்டியிலிருந்து வேகத்தை எடுக்கும் வாகனத்தில் வேகமானியின் முள் இருபதைக் காட்டினால், களியில் உள்ள சில்லு நாற்பதில் சுற்றுகிறது, மற்றது பூச்சியத்தில் நிற்கிறது.

போர் வீல் ஏன் காப்பாற்றவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் விசை போகிறது, உண்மை. ஆனால் ஒவ்வொரு அச்சிலும் ஒரு காவுதடி உண்டு. இரண்டு தடியிலும் ஒரு கடகம் வெறுமை.

டிப் லொக் செய்யும் வேலை, தடி சாயாதபடி அதைத் தோளோடு இறுக்கிக் கட்டிவிடுவது. உள்ளே பற்கள் கொண்ட ஒரு வளையம் பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு பக்கத்துச் சில்லுத் தண்டின் கியரை டிபரன்ஷியல் கூட்டோடு இணைத்துவிடும். பல் பள்ளத்தில் விழுந்ததும் இரண்டு சில்லும் ஒரே தண்டுபோலச் சுற்றும். எந்தப் பக்கம் பிடிப்பு இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு விசை தானாகப் போய்ச் சேரும். வளையத்தைத் தள்ளுவது உழவு இயந்திரத்தில் குதிக்கால், கெப்பில் ஒரு சிறிய மின்மோட்டார் அல்லது மின்காந்தம், தனியாக வாங்கிப் பூட்டும் சில லொக்குகளில் அமுக்கிய காற்று.

இங்கேதான் அந்த மினுக்கத்துக்கான காரணம் இருக்கிறது. சுவிச்சை அழுத்தியதும் மோட்டார் வளையத்தைத் தள்ளத் தொடங்குகிறது. ஆனால் பல்லுக்கு நேரே பள்ளம் வந்தால்தான் அது உள்ளே இறங்கும். பல் பல்லின் மேலே முட்டிக்கொண்டு நின்றால் காத்திருக்க வேண்டியதுதான். வளையம் முழுதாக இறங்கியதை உள்ளே ஒரு சிறிய உணரி கண்டுகொள்ளும் வரை விளக்கு மினுங்கும். இறங்கியதும் நிலையாக எரியும். நண்பர் செய்ததுபோல ஒரு சில்லு வேகமாகச் சுழலும்போது முயன்றால் பள்ளம் பல்லைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். தப்பித்தவறி விழுந்துவிட்டால் அது இன்னும் மோசம். அவ்வளவு வேகத்தில் சுழலும் இரும்பு ஒரே கணத்தில் நிற்க, பல்லோ தண்டோ முறியலாம். பல வாகனங்களின் கணினி வேகம் கூடினாலோ லோ கியரில் இல்லாவிட்டாலோ லொக்கை ஏற்கவே மறுப்பதும் இதனால்தான்.

அன்று பக்கத்து வயலிலிருந்து வந்த ஒரு மாமா கண்ணாடியைத் தட்டி, "காலை எடு தம்பி, முதலில் சில்லு நிற்கட்டும்" என்றார். நின்றது. ஸ்டியரிங்கை மெல்ல இடம் வலம் ஆட்டி, கிளச்சைத் துளி விட்டார் நண்பர். அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம், விளக்கு நிலைத்தது. அடுத்த நிமிடம் வலப்பக்கப் பின்சில்லு தரையைக் கவ்வி வாகனத்தை வெளியே தள்ளியது.

மாமாவின் உழவு இயந்திரத்தில் லொக் இல்லாமலே தப்ப இன்னொரு வழியும் உண்டு. அதில் இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் தனித்தனி பிரேக் மிதிகள். சுழலும் சில்லின் பிரேக்கை மட்டும் இலேசாக மிதித்தால் மற்றச் சில்லு நகரத் தொடங்கும். வெறும் கடகத்தில் ஒரு கல்லை வைப்பதுபோல! கல்லின் எடைக்குச் சமமாக மறுபக்கமும் நெல்லைத் தூக்கலாம். புதிய வாகனங்களில் மணல், சேறு, பாறை என்று திருகுகுமிழில் எழுதியிருக்கும் ஓட்ட நிலைகளின் முக்கியமான வேலை இதே கல் வைப்புத்தான். கணினி ஒவ்வொரு சில்லின் வேகத்தையும் பார்த்து, சுழல்வதை மட்டும் பிரேக் பிடிக்கிறது. வசதியான ஏற்பாடு, ஆனால் கல்லையும் சேர்த்துத் தூக்குவதால் விசையில் ஒரு பங்கு பிரேக்கில் வெப்பமாகப் போகிறது. நீண்ட சேற்றுப் பாதைக்கு நான் பல்லைத்தான் நம்புவேன்.

அந்தக் குமிழைப் பலரும் புரியாமல் திருப்புகிறார்கள். லேண்ட் ரோவர் 2004 இல் டிஸ்கவரி 3 வாகனத்தில் இப்படியொரு குமிழை வைத்தது. பிறகு பலரும் பின்பற்றினார்கள். மணல் நிலையில் கணினி சில்லை ஓரளவு சுழல விட்டுவிடும், ஏனெனில் பானமையிலிருந்து உகந்தைக்குப் போகும் வழிபோன்ற மணற்பாங்கான இடத்தில் ஓட்டம் தடைப்பட்டால் புதைவதுதான் மிச்சம். ஈரப்புல்லுக்கான நிலையில் நேர்மாறாக, அக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் நிதானமாகவே பதில் சொல்லும்.

பண்ணை வேலைக்கென்று வெளிநாடுகளில் செய்யப்படும் சிறிய திறந்த வாகனங்களில் கதை தலைகீழ். சிலவற்றில் பின்னச்சு பூட்டியபடி இருப்பதே வழக்கம். புற்றரையில் திரும்பும்போது புல் கிழியாமல் இருக்கத்தான் பூட்டைத் திறக்கும் நிலை ஒன்று உண்டு. முன்னச்சில் உருளைகள் கொண்ட ஒரு கிளச் இருக்கும். சுவிச்சைப் போட்டதும் மின்காந்தம் அதைத் தயார்நிலையில் வைக்கும், அவ்வளவுதான். பின்சில்லு வழுக்கி முன்சில்லைவிட வேகமாக ஓடத் தொடங்கும்போதுதான் உருளைகள் இடுக்கில் சிக்கி முன்சில்லையும் இழுக்கும்.

வெளியே வந்த பிறகு செங்கலடி – பதுளை வீதியின் தாரில் ஏறும் முன்பே நண்பர் சுவிச்சை அணைத்தார். விளக்கு அணையவில்லை. மறுபடியும் பழுது என்று முகம் சுருங்கியது. உண்மையில் முறுக்கம் ஏறியிருக்கும் பல்லை, வளையத்தைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்கால் இழுத்தெடுக்க முடியாது. உழவு இயந்திரத்திலும் காலை எடுத்த பிறகு மிதி சில நேரம் மேலே வராமல் கிடப்பது இதனால்தான். அப்படியே தாரில் திரும்பியிருந்தால், வளைவில் வரும் அந்தச் சுற்று வித்தியாசத்தை டயரும் தண்டும்தான் தாங்கியிருக்கவேண்டும். முறுக்கம் தளர இரண்டு அடி பின்னுக்கு எடுக்கச் சொன்னேன். 'டொக்'.