ஏசி போட்டுவிட்டுத்தான் போனோம், டாக்டர்

"ஏசி போட்டுட்டுத்தான் போனோம், டாக்டர்."

இந்தக் கோடையில் இந்த வாக்கியத்தை நான் கேட்டது இது நான்காவது முறை. வடக்கு அரிசோனாவில் ஓர் அவசர விலங்கு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கிராண்ட் கேன்யன், பேஜ், சயான் என்று ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு வரும் வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு சுற்றுகிற குடும்பங்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்கள் வாசலைக் கடந்துதான் போகின்றன. அவர்களில் சிலர் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வருகிறார்கள். என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்ததும் இந்த அப்பா தமிழுக்கு மாறிவிட்டார். பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பெரியவளுக்கு ஒன்பது வயது இருக்கும். நாயின் கழுத்துப்பட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

ஐந்து வயது கோல்டன் ரெட்ரீவர். உடல் வெப்பம் 108 டிகிரி பாரன்ஹீட். நல்ல ஆரோக்கியமான நாய்க்கு 101 முதல் 102.5 வரை இருக்கும். 106ஐத் தாண்டினாலே உள்ளுறுப்புகள் அடி வாங்க ஆரம்பிக்கும். மறுநாள் விடியற்காலை அது போய்விட்டது.

இவர்கள் நாயை அலட்சியமாக வைத்திருந்தவர்கள் இல்லை. தடுப்பூசிச் சீட்டு கோப்பில் ஒழுங்காக இருந்தது. வண்டிக்குள் அதற்குத் தனி மெத்தை, தனி மின்விசிறி. அப்புறம் எப்படி நடந்தது? பேஜ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கின் சுற்றுலாவுக்கு மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுத்திருந்தார்கள். அங்கே நாய்க்கு அனுமதி கிடையாது. அதனால் வாகனம் நிறுத்தும் இடத்தில் ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஏசியை 72இல் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது ஜெனரேட்டர் நின்றிருந்தது. நாய் கதவை ஒட்டிப் படுத்திருந்தது.

அந்த வட்டாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அரிசோனாவில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது, அதற்குள் இருக்கும் நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நேஷனில் உண்டு. பேஜ் ஊர் அரிசோனா நேரத்தில் நடக்கிறது. எல்லைக்குப் பக்கத்தில் செல்போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். இவர்கள் போனை நம்பி ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டார்கள். ஒன்றரை மணி நேரச் சுற்றுலா, காத்திருப்பையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

இப்போது ஏசி விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு நம்பிக்கையைக் கலைக்காமல் வேறு எதைச் சொல்லியும் பயனில்லை.

வீட்டு ஏசியையும் ஆர்.வி. ஏசியையும் ஒன்றாக நினைக்காதீர்கள். கூரையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டி உள்ளே இழுக்கும் காற்றை ஏறக்குறைய 20 டிகிரி பாரன்ஹீட் குளிர்வித்து வண்டிக்குள்ளேயே திரும்ப விடும், அவ்வளவுதான் அதன் சக்தி. சுவர் மெல்லியது, கண்ணாடி பெரியது. வெளியே 105 என்றால், நீங்கள் 72 என்று வைத்ததாலேயே உள்ளே 72 வந்துவிடாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த நிலைமை.

சரி, அது நிற்காமல் ஓடுமா? வண்டியோடு வரும் ஜெனரேட்டர் பெரும்பாலும் வண்டியின் எரிபொருள் தொட்டியிலிருந்தேதான் குடிக்கிறது. தொட்டி கால்வாசிக்குக் கீழே போனால் அது தானாக நின்றுவிடும். நீங்கள் நடுக்காட்டில் பெட்ரோல் இல்லாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இன்ஜின் ஆயில் குறைந்தாலும் நிற்கும், அதிகமாகச் சூடானாலும் நிற்கும். வாடகைக்குத் தருபவர் சாவியைக் கொடுக்கும்போது இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். பின்னால் இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது யாருக்கு அது காதில் விழும்?

"வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டில் கரண்ட் இணைப்பு இருந்தால்?" என்று கேட்பீர்கள். 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3600 வாட். ஏசி மட்டுமே 13, 14 ஆம்ப் எடுக்கும். வெந்நீர் ஹீட்டரை மின்சாரத்தில் விட்டுவிட்டுப் போனால் அது இன்னொரு 12. குளிர்சாதனப் பெட்டி, பேட்டரி சார்ஜர் எல்லாம் சேர்ந்தால் பிரேக்கர் எந்த நிமிடமும் டிரிப் ஆகும். மதிய வெயிலில் காயும் பிரேக்கர் இன்னும் சீக்கிரம் டிரிப் ஆகும். அந்த நேரத்தில்தான் பக்கத்து வண்டிகள் எல்லாமும் ஏசி போட்டிருக்கும், வோல்டேஜ் இறங்கும். உங்கள் வண்டியில் நல்ல பாதுகாப்புக் கருவி இருந்தால் அதுவே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது, நாய் உள்ளே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

கிராண்ட் கேன்யன் மேதர் கேம்ப்கிரவுண்டில் மின் இணைப்பே கிடையாது. ஜெனரேட்டரையும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் ஓட்ட விடுவார்கள். இணைப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் டிரெய்லர் வில்லேஜ் என்ற இன்னொரு கேம்ப்கிரவுண்டுக்குத்தான் போக வேண்டும். இதைக்கூடப் பார்க்காமல் புக் செய்துவிட்டு வருகிறார்கள்.

வெப்பம் கூடினால் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி வாங்கியிருக்கிறோம் என்பார்கள் இன்னும் சிலர். வாங்குங்கள், நல்லதுதான். ஆனால் ஆன்டலோப்பின் பாறை இடுக்குக்குள் நுழைந்த பிறகு சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் வழிகாட்டியை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஓடி வர முடியாது, கூட்டிப்போன வண்டி திரும்பினால்தான் நீங்களும் திரும்புவீர்கள்.

ஏசி நின்ற பிறகு எவ்வளவு நேரம் இருக்கிறது? ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005இல் நிறுத்தி வைத்த காரில் அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 40 டிகிரி பாரன்ஹீட் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே 72 டிகிரி இருந்த இதமான நாளிலும் இதே கதைதான். ஆர்.வி. பெரியது, காரைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏறலாம். அந்தக் கொஞ்சத்தை நம்பி உயிரை உள்ளே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சுற்றியிருக்கும் காற்றே கொதித்தால் இரைத்து என்ன பயன்? பக், ஃபிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் பாதி அடைப்பு.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியை நாய்க்குத் துணையாக வண்டிக்குள் விட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஜெனரேட்டரை மறுபடி போடத் தெரியுமா, பிரேக்கர் எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். ஏசி நின்றால் அவர்களுக்கும் அதே ஆபத்து.

ஆக, நாய் போக முடியாத இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் வழி இரண்டே. ஒன்று, வண்டியை இயக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் அதோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் நாயைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விட வேண்டும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பிலேயே அப்படி ஓர் இடம் இருக்கிறது. தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், கோடையில் முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைக்காது.

எந்தப் பூங்காவில் நாய் எதுவரை போகலாம் என்பதைப் புறப்படுமுன் பாருங்கள். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பின் மேலே இருக்கும் பாதைகளில் கயிறு கட்டி நடக்கலாம், விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது, ஷட்டில் பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். சயானில் பாருஸ் என்ற ஒரே ஒரு பாதை. யெல்லோஸ்டோனில் சாலையிலிருந்தும் கேம்ப்கிரவுண்டிலிருந்தும் 100 அடி, அதற்கு மேல் இல்லை. வெந்நீர் ஊற்றுகளின் மரப்பாதையில் அறவே கூடாது. இந்த விதி உங்களைத் தொல்லைப்படுத்த வந்ததில்லை. 1981இல் அங்கே ஊற்றில் பாய்ந்த நாயைக் காப்பாற்றக் குதித்த இளைஞர் இறந்துபோனார். 2021இலும் நாயை மீட்க இறங்கிய ஒரு பெண் மோசமாக வெந்துபோனார். பிள்ளைகள் கையில் நாயின் கயிற்றைக் கொடுக்குமுன் இதை அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். வண்டி ஓடும்போது யாரும் ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் படுக்கையில் படுக்கக் கூடாது. குழந்தை இருக்கையை முன்னோக்கிய, பெல்ட் உள்ள இருக்கையில்தான் கட்ட வேண்டும். பக்கவாட்டு சோபா, பின்னோக்கிய சாப்பாட்டு மேசை இருக்கை இரண்டும் உதவாது. எந்த இருக்கையில் கட்டலாம் என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேளுங்கள். நாய்க்கும் தரையோடு இறுகக் கட்டிய கூண்டு வேண்டும். சடன் பிரேக் போட்டால் 30 கிலோ நாய் யார் மேல் போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெட்ரோல் பங்கில் குழந்தை கதவைத் திறக்கும், நாய் பாய்ந்து ஓடும். கயிறு மாட்டிய பிறகுதான் கதவு என்பதை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். நாயின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்போடு பதிவாகியிருக்கும் தொலைபேசி எண் இன்னமும் உங்களுடையதுதானா? பலருக்கு அது விட்டுப்போன பழைய எண். வண்டியின் பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடு அவுட் பகுதியை உள்ளே இழுக்குமுன் குழந்தைகளையும் நாயையும் எண்ணுங்கள். நசுங்கிய கால்களுக்கு நான் அறுவை செய்திருக்கிறேன்.

சாப்பாட்டில், தமிழ் வீடுகளுக்கென்றே ஒன்று. பயணத்துக்குப் புளியோதரை இல்லாமல் நாம் கிளம்புவதில்லை. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி, காரணம் என்ன என்பதுதான் வெகுகாலம் பிடிபடாமல் இருந்தது. 2021இல் விலங்கு நச்சுத் தகவல் மைய மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அது புளியிலும் நிறைய இருக்கிறது, புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி பாதிப்பு வந்திருக்கிறது. அதனால் புளிக்காய்ச்சல் டப்பாவும் திராட்சை போட்ட தயிர்சாதமும் கேசரியும் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வெங்காயம் போட்டது எதுவும் வேண்டாம். "ஒரு வாய் மட்டும்" என்று ஊட்டுகிற சின்னக் கைகளையும் கவனித்துக்கொள்ளுங்கள். தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. பீனிக்ஸில் 2023இல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரியும் அதற்கு மேலும் அடித்தது. அந்த மாதிரிக் கோடையில் தரையில் விழுந்து எழ முடியாத மனிதர்களே தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

அந்த அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். பேஜிலிருந்து எங்கள் ஊருக்கு 130 மைலுக்கு மேல். இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமான அந்தப் பயணம் முழுக்க நாயை ஈரத்துண்டால் சுற்றி வைத்திருந்தார்கள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். சுற்றிய துண்டு சில நிமிடத்தில் சூடாகி, வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் குளிர்வியுங்கள், அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை இடுக்கு, அக்குள் எல்லாம் நனைகிற மாதிரி தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். யாராவது விசிறட்டும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்பதெல்லாம் வேண்டாத பயம். பல ஆர்.வி.களில் வெளிப்பக்கம் ஒரு ஷவர் இருக்கும், அதைத் திறந்து குழாயில் சூடாகி நின்ற தண்ணீர் வெளியே போனதும் நாய் மேல் பிடியுங்கள். வெப்பமானி இருந்தால் 103 வந்ததும் நிறுத்திவிடலாம். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாய் எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும், ரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகம் நின்றுபோவதும் அடுத்தடுத்த நாட்களில்தான் தெரியும்.

வழியில் எந்த ஊரில் 24 மணி நேர விலங்கு மருத்துவமனை இருக்கிறது என்று கிளம்புமுன்பே எழுதி ஆர்.வி.யின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். போனில் மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

நேற்று என் தோழி ஒருத்தி அழைத்தாள். அடுத்த வாரம் அவளும் கணவரும் இரண்டு மகன்களும் இரண்டு நாய்களோடு இதே வழியில் வருகிறார்கள். ஆன்டலோப் டிக்கெட்டை மாற்றிவிட்டாளாம். காலை எட்டு மணிக்கு அவளும் சின்னவனும், பத்தரைக்கு கணவரும் பெரியவனும். இரண்டும் அரிசோனா நேரமா என்று மட்டும் மறுபடி கேட்டு உறுதிசெய்யச் சொன்னேன்.