கெர்னல் எண்ணுகிறது, பிராமிதியஸ் கழிக்கிறது

சர்வரில் ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போட்டால், அது உள்ளே புகுந்து சிபியுவையும் மெமரியையும் அளக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். லினக்ஸில் அது அளக்க வேண்டியது அநேகமாக ஒன்றுமே இல்லை. பூட் ஆனதிலிருந்து, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே எண்ணிக்கொண்டிருக்கிறது: சிபியு எவ்வளவு நேரம் உழைத்தது, எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது, நெட்வொர்க்கில் எத்தனை பைட் போனது, எல்லாம். இந்தக் கணக்குகள் 'புராக்' என்ற ஃபோல்டரில் இருக்கும். அந்த ஃபோல்டர் டிஸ்கில் கிடையாது. நாம் ஃபைலைத் திறக்கும்போதுதான் கெர்னல் அந்த நேரத்துக் கணக்கை எழுதித் தருகிறது.

இந்த எண்களைத் திரட்டுவதுதான் பிராமிதியஸின் வேலை. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. கண்காணிக்க வேண்டிய சர்வரில் 'நோட் எக்ஸ்போர்ட்டர்' என்ற சின்ன புரோகிராமைப் போட வேண்டும். லினக்ஸ் வகைகளான டெபியனிலும் உபுண்டுவிலும் ஒரே கட்டளையில் முடிகிற வேலை. அப்புறம் பிரவுசரில் அந்த சர்வரின் 9100ஆம் போர்ட்டில் '/metrics' பக்கத்தைத் திறந்தால், படமோ அலங்காரமோ இல்லாமல் வரிவரியாகப் பெயரும் எண்ணும் வரும். வேறொரு கணினியில் ஓடும் பிராமிதியஸ், வழக்கமாக 15 வினாடிக்கு ஒருமுறை இந்தப் பக்கத்தைப் படித்து, நேரத்தோடு குறித்துக்கொள்கிறது. 9100ஐ இணையத்துக்கே திறந்து வைத்துவிடாதீர்கள். பிராமிதியஸ் கணினிக்கு மட்டும் ஃபயர்வாலில் வழி விட்டால் போதும்.

சுவாரசியம் அந்த எண்களில்தான் இருக்கிறது. "சிபியு இப்போது 80 சதவீதம்" என்று எந்த வரியும் சொல்லாது. சிபியு வரிகளில், வீட்டு மின்மீட்டர் போல, தொடக்கத்திலிருந்து ஓடிய மொத்தம் மட்டுமே இருக்கும். போன ரீடிங்கைக் கழித்தால்தான் இடையில் ஆன செலவு தெரியும். ஒரு கோர் உள்ள சர்வரில் சும்மா இருந்த நேரம் முதலில் 50,000 வினாடி, 15 வினாடி கழித்து 50,003 என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு 3 வினாடி. மீதி 12 வினாடி வேலை. அதாவது 80 சதவீதம். நடுவில் ஒரு ரீடிங் தவறினாலும் மொத்தம் கெடாது, சராசரி கொஞ்சம் மழுங்கும், அவ்வளவுதான். சர்வர் ரீபூட் ஆனால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடுமே? முந்தையதைவிடக் குறைந்த எண்ணைக் கண்டதும் மீட்டர் புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்று பிராமிதியஸ் புரிந்துகொள்ளும்.

இதற்கெல்லாம் இடம் அதிகம் பிடிக்காதா என்றால், இல்லை. சுருக்கி வைப்பதால் ஒரு எண்ணுக்கு 1 முதல் 2 பைட்தான் ஆகிறது. 15 வினாடிக்கு ஒருமுறை ஆயிரம் எண்கள் என்றாலும், இயல்பாக வைத்திருக்கும் 15 நாள் கணக்குக்குச் சுமார் 200 எம்.பி. போதும்.

நிறுவுவது சுலபம், எதற்கு அலாரம் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். காலி மெமரி குறைந்துவிட்டது என்று அலாரம் வைத்தால் தினமும் அடிக்கும். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியை ஃபைல்களின் கேஷுக்கு, அதாவது சீக்கிரம் எடுக்க வைக்கும் நகல்களுக்கு, பயன்படுத்திக்கொள்ளும். கேட்டால் திருப்பித் தந்துவிடும். பார்க்க வேண்டியது, கேட்டால் உண்மையில் எவ்வளவு மெமரி கிடைக்கும் என்று மதிப்பிட்டுச் சொல்லும், 2014இல் 3.14 கெர்னலில் சேர்ந்த 'மெம் அவைலபிள்' என்ற எண். டிஸ்க் 90 சதவீதம் என்ற எல்லையும் அப்படித்தான். 4 டெராபைட் டிஸ்கில் அப்போதும் 400 ஜிபி மிச்சம் இருக்கும். 20 ஜிபி டிஸ்கில் வெறும் 2 ஜிபி. கடந்த சில மணி நேரத்தில் நிரம்பிய வேகத்தை நீட்டிப் பார்த்து, "இப்படியே போனால் 4 மணி நேரத்தில் நிரம்பிவிடும்" என்று எச்சரிக்கும் வசதி பிராமிதியஸில் உண்டு. என் ஓட்டு அதற்குத்தான். சிபியுவுக்கு அலாரம் வைப்பதாக இருந்தால், 10 நிமிடமாவது தொடர்ந்து உச்சத்தில் இருந்தால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். இரவு பேக்கப் ஓடும்போதெல்லாம் ஃபோன் கத்தினால் ஒரே வாரத்தில் சைலன்ட்டில் போட்டுவிடுவீர்கள்.

சர்வர் படுத்துவிட்டால் பிராமிதியஸுக்குப் பதில் வராது. உடனே 'அப்' என்ற அளவீட்டை 1லிருந்து 0 ஆக்கிவிடும். சரி, பிராமிதியஸே படுத்துவிட்டால்? அலாரம் அடிக்க ஆளில்லை. எல்லாம் நலம் போலவே தெரியும். அதற்காக எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு அலாரத்தை வேண்டுமென்றே வைத்து, வெளியே உள்ள வேறொரு சேவைக்கு அனுப்புவார்கள். அது வருவது நின்றால் அந்தச் சேவை உங்களை அழைக்கும். அந்தச் சேவையையும் பிராமிதியஸ் ஓடும் அதே சர்வரிலேயே வைத்துவிடக் கூடாது.