எரியறையா, தகன அறையா, எரிகலனா?

பெங்களூர் கலாசிப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் தமிழ் மெக்கானிக் ஒருவர் கடை வைத்திருக்கிறார். என் கார் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி மல்லாக்கப் போட்டு, குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, வால்வு வழியே கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் தொழில் பழகும் கிருஷ்ணகிரிப் பையனின் போனில் தமிழ்ப் பயிற்சி வீடியோ ஒன்று ஓடியது. "தகன அறையில் படிந்த கரியை..." என்றது குரல். பையன் நிமிர்ந்து, "அண்ணே, தகனம்னா சுடுகாட்டுல செய்றதுதானே?" என்று கேட்டான்.

அந்தச் சொல்லை நான் கேட்பது இது எத்தனையாவது முறையோ தெரியாது. எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும் இடமான கம்பஸ்சன் சேம்பர் (combustion chamber) என்பதைத்தான் அப்படிப் பெயர்த்திருக்கிறார்கள்.

அந்த ஆங்கிலப் பெயரின் முன்பாதி, எரித்துத் தீர்ப்பதைச் சொல்லும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பின்பாதி, வளைகூரை கொண்ட இடத்தைக் குறித்த கிரேக்கச் சொல்; கேமராவும் அதன் வழிதான். தகனம் வடமொழி. என் மறுப்பு அது வடமொழி என்பதற்காக அல்ல. இலங்கைப் பாடநூல்களில் வேதியியல் சொல்லாகவே அது நிலைத்திருக்கிறது. ஆனால் அங்கேயும் மரண அறிவித்தலில் வருவது அதே தகனம்தான். இங்கே வில்சன் கார்டன் மின் தகன மேடைக்கு ஒருமுறை போய் வந்தவர் காதில் அந்தச் சொல் வேறு எப்படி விழும்? கூடவே இன்னொன்று: லத்தீனிலும் பிணம் எரிக்கும் இடத்துக்கு இதே குடும்பத்துச் சொல் உண்டு, அதனால் தகனம் பொருத்தமே என்று ஒரு நண்பர் வாதிட்டார். ஆங்கிலம் பேசுபவர் காதில் அந்தச் சிதை கேட்பதில்லை. நமக்குக் கேட்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

எரிப்பு அறை என்பதும் சரியில்லை. எரிப்பு என்றால் ஒருவர் எரிப்பது, குப்பை எரிப்பு போல. சேர்த்து எழுதினால் 'எரிப்பறை', அதில் பறை அல்லவா கண்ணில் படுகிறது! எரிபொருள், எரிமலை என்று வினைத்தொகை நம் வாயில் ஏற்கெனவே புழங்குகிறது. அதே வழியில் எரியறை. அறையா எரிகிறது என்று கேட்பவர்கள் வாழிடத்தைப் பார்க்கட்டும். இடம் வாழ்வதில்லை, அங்கே வாழ்கிறோம்.

இப்போது எரிகலன். தூய தமிழ் அன்பர்கள் பலருக்கு இதில் பிரியம் அதிகம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருள் பொருந்தவில்லை. கலன் என்றால் கையில் எடுத்து வைக்கக்கூடிய ஒன்று. பெட்ரோல் எஞ்சினைப் பிரித்துப் போட்டு இதைத் தேடினால் கிடைக்காது. மேலே ஹெட், சுற்றிலும் சிலிண்டர் சுவர், கீழே பிஸ்டனின் தலை; மூன்றும் சேரும்போது நடுவில் உண்டாகும் இடைவெளி அது. தரை மேலும் கீழும் போய்வரும் அறை. 100 சிசி எஞ்சினில் அழுத்த விகிதம் 10, அதாவது உள்ளே வந்ததைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 11 சிசி, ஒரு மேசைக்கரண்டிகூட நிறையாது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால், அதற்குள் நொடிக்கு 50 முறை தீ பிறந்து அணைகிறது.

வடிவங்களைப் பாருங்கள், அறை என்ற சொல்லின் அருமை புரியும். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்த பழைய பக்க வால்வு எஞ்சினில் அறை பக்கவாட்டில் நீண்டு கிடந்தது. தீ கடைக்கோடியை எட்டுமுன் அங்கிருந்த பெட்ரோல்-காற்றுக் கலவை தானே பற்றிக்கொள்ளும், எஞ்சின் தட்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆங்கிலேயப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ, பிஸ்டனுக்கு மேலிருந்த பகுதியில் கூரையைத் தாழ்த்தினார். நெருக்குண்ட கலவை சுழன்று பாய்ந்தது, தீ வேகமாகப் பரவியது, தட்டல் குறைந்தது. அப்புறம் அரைக்கோளக் கூரை, ஆப்பு வடிவக் கூரை. இன்று நாலு வால்வு எஞ்சின்களில் பெரும்பாலும் இருசாய்வுக் கூரை, நடு உச்சியில் ஸ்பார்க் பிளக். நேரடியாக டீசல் பீய்ச்சும் எஞ்சினில் கூரை தட்டை; தரையாக அமையும் பிஸ்டனில்தான் குழி. சில டீசல்களில் முன்னறை ஒன்றும் உண்டு. கூரை, சுவர், தரை, முன்னறை என்று வீட்டுச் சொற்கள் தாமாக வந்து உட்காருகின்றன. கலன் என்று வைத்துவிட்டு அதற்குக் கூரை போட முடியுமா?

எரிகலனுக்கும் இடம் இருக்கிறது. பழைய ஜெட் எஞ்சின்களில் எரிபொருள் எரியும் பகுதிகளைத் தனித்தனிக் குப்பிகளைப் போல வட்டமாகப் பொருத்தியிருப்பார்கள், தனியே கழற்றலாம். அதற்கு அந்தச் சொல் கச்சிதம். எங்கே கலன், எங்கே அறை என்று பொருளைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு ஹெட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் அந்த வீடியோவில் தகனம் வந்திருக்காது.

பையனுக்கு நான் விளக்கம் தொடங்குமுன் மெக்கானிக் முந்திக்கொண்டார். மண்ணெண்ணெயைக் கொட்டிவிட்டு, கரி படிந்த குழியை விரலால் தடவிக் காட்டினார். "இந்தப் பக்கம் ரெண்டு வால்வு, அந்தப் பக்கம் ரெண்டு. நடுவுல உச்சி. உங்க ஊரு ஓட்டு வீட்டை உள்ளேருந்து அண்ணாந்து பாரு, இப்படித்தான் இருக்கும்."