திருக்கை முள் குத்தினால் கயிறு கட்டாதீர்கள்

திருக்கை முள் குத்திய இன்னொரு மீனவரை, முழங்காலுக்குக் கீழே நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பாதம் நீலம் பாரித்த நிலையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். நஞ்சு இதயத்துக்கு ஏறிவிடக் கூடாது என்ற அக்கறையில் போட்ட கட்டு அது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

திருக்கையின் வால் முள்ளைப் போர்த்தியிருக்கும் உறையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளும் பலவகைப் புரதங்களும் கலந்த நஞ்சு உள்ளது. குத்திய இடத்தில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால்தான் காயத்தைச் சுற்றித் தோல் முதலில் வெளிறி, பிறகு நீலமாகிறது. ஏற்கெனவே இரத்தம் போதாமல் தவிக்கும் அந்தத் தசைக்கு மிச்சமிருக்கும் ஓட்டத்தையும் கயிறு தடுத்துவிட்டால், தேங்கிய நஞ்சு அங்கேயே நின்று தசையை அழுகச் செய்யும். பாம்புக்கடிக்கே இன்று இறுக்கிக் கட்டச் சொல்வதில்லை. பாம்புக்கடி ஊசியையாவது போடுங்கள் என்று உறவினர்கள் மன்றாடுகிறார்கள்; நம் நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் அம்மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது; மீன் நஞ்சை அது முறிக்காது.

இதயம் பாதிக்கப்படுவது அரிதே என்றாலும், இரத்த அழுத்தம் சரியலாம், துடிப்பு சீர்கெடலாம். கல்லைப் போலத் தோற்றமளிக்கும் நச்சு மீனான கல்மீன் குத்தினாலும் இந்த ஆபத்து உண்டு. தலைசுற்றல், அதிக வியர்வை, படபடப்பு இருந்தால் வலி குறையட்டும் என்று காத்திருக்காமல் ஈசிஜி வசதியுள்ள மருத்துவமனைக்கு வாருங்கள்.

கை கால்களில் குத்தியிருந்தால், ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் சூடுள்ள, பொறுக்கக்கூடிய வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். வெப்பம் அந்தப் புரதங்களைச் செயலிழக்கச் செய்து வலியைத் தணிக்கும். குத்துப்பட்ட கால் மரத்திருக்கக்கூடும் என்பதால், உதவிக்கு நிற்பவர் தம் கையை விட்டுச் சூட்டைப் பார்க்க வேண்டும். வலி தீர்ந்தாலும் டெட்டனஸ் ஊசிக்கும், உள்ளே முறிந்த துண்டு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரேக்கும் வந்தே ஆக வேண்டும்.

மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ பாய்ந்த முள்ளை மட்டும் பிடுங்கவே கூடாது. 2006 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வனவிலங்குத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் இர்வின் உயிரிழந்தது திருக்கை முள் இதயத்தையே துளைத்ததால்தான். பின்னோக்கிய பற்கள் கொண்ட அம்முள்ளை இழுத்தால் உள்ளே இன்னும் கிழியும். இரத்தக் குழாயை அது அடைத்திருந்தால் அந்த அடைப்பும் விலகிவிடும்.

கரைவலை இழுப்பவர்கள் மணலில் பாதத்தைத் தேய்த்தபடி நடந்தால் திருக்கை விலகிப் போகும். வலையிலிருந்து எடுத்துப் போட்ட செத்த திருக்கையின் முள்ளிலும் நஞ்சு இருக்கிறது. பிள்ளைகள் ஓடி விளையாடும் கரையில் அதை எறிந்துவிட்டுப் போகாதீர்கள்.