மினிமா: இறங்கும் விமானத்துக்கு ஒரு கீழ்வரம்பு

விமானிகள் 'மினிமா' என்பார்கள், 'மினிமம்ஸ்' என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். 'மிகச் சிறியது' எனப் பொருள்படும் 'மினிமுஸ்' என்ற லத்தீன் சொல்லில் பிறந்த மினிமத்தின் பன்மை. மைனரும் இதன் உறவுக்காரச் சொல்.

கருவி வழிகாட்டலில் இறங்கும்போது, நிலைமை எந்த அளவுக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது என்று முன்பே குறித்துவைத்த எல்லையே மினிமா. அதில் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று தீர்மான உயரம், அதாவது மேலும் இறங்குவதா மேலெழுவதா என்று விமானி முடிவெடுக்க வேண்டிய உயரம். மற்றது ஆர்.வி.ஆர்., அதாவது ஓடுபாதையின் நடுக்கோட்டில் இருக்கும் விமானிக்கு அதன் குறிகளோ விளக்குகளோ தெரியும் தூரம். இதை ஓடுபாதை ஓரத்துக் கருவிகள் அளக்கின்றன. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) உருவாக்கிய 'திருஷ்டி' அப்படி ஒன்று.

கருவி வழி இறக்கங்களை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். முதல் வகை இறக்கத்துக்கு 200 அடி உயரம், 550 மீட்டர் தூரம். இரண்டாம் வகைக்கு 100 அடி, 300 மீட்டர். மூன்றாம் வகை அதற்கும் கீழே. டெல்லியில் 50 மீட்டர் தூரம் மட்டுமே தெரிந்தாலும் இறங்க வசதி உண்டு.

அந்த 550 மீட்டரைக் கொஞ்சம் கவனியுங்கள். 3 பாகைச் சரிவில் வரும் விமானம் 200 அடியைத் தொடும்போது ஓடுபாதையின் தொடக்கம் இன்னும் 900 மீட்டருக்குப் பக்கமாகத் தள்ளி இருக்கும். அப்படியானால் ஓடுபாதையே தெரியாதே? தெரிய வேண்டியதில்லை. அதற்கு முன்னால் 900 மீட்டர் வரை நீளும் அணுகு விளக்குகள் தெரிந்தால், மேலும் இறங்கலாம். காக்பிட்டில் 'மினிமம்ஸ்' என்று கருவிக்குரல் கேட்கும்போது விளக்கும் தெரியவில்லையா, உடனே மேலெழ வேண்டும். யோசித்துக்கொண்டிருக்க அங்கே நேரம் கிடையாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'குறைந்தபட்சப் பார்வைத்திறன்' என்றால் விமானியின் கண்ணைப் பற்றிய பேச்சாகிவிடும். கணக்குப் பாடத்தின் 'சிறுமம்' மிகச் சிறிய மதிப்பைக் குறிக்குமே தவிர, தாண்டக் கூடாத எல்லையை உணர்த்தாது. அதனால் 'தரையிறங்கு கீழ்வரம்பு' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தூரத்தை மட்டும் சொல்ல 'பார்வைத் தொலைவுக் கீழ்வரம்பு'. 2018 போகியன்று புகையால் சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டதே, அந்தச் செய்தியைச் சொல்லவும் இது உதவும்.

இன்னொன்று: கீழ்வரம்பு ஓடுபாதையை மட்டும் பொறுத்ததல்ல. விமானத்தின் கருவிகளும் விமானிகள் பெற்ற பயிற்சியும் சேர்ந்தே அதை முடிவுசெய்கின்றன. அதனால்தான் ஒரே பனிமூட்டத்தில் ஒரு விமானம் இறங்கிவிடுகிறது, பின்னால் வருவது வேறு ஊருக்குப் போகிறது.